முதல் மிதி உங்களுடையது

எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. மற்ற எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்தது ஒரு சைக்கிள் கடையில். தெரியாமல் போய்ச் சேர்ந்ததையாவது மன்னிக்கலாம். "ஓட்டத் தெரியுமா?" என்று கடை முதலாளி கேட்டபோது, "நல்லா தெரியும்" என்று சொன்னேன் பாருங்கள், அந்த "நல்லா"வை நான் எதற்குச் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

சென்ற மாதம் ஜொகூர் பாருவில் நான் ஓய்வு பெற்ற கார் விற்பனை நிலையத்துக்கு ஒரு நடை போயிருந்தேன். பழைய ஆட்களைப் பார்த்து ஒரு காப்பி குடித்துவிட்டு வரலாம் என்ற எண்ணம். போன நேரம் சரியில்லை. வாங்கி ஒரு வாரம்கூட ஆகாத காரின் கதவில் கீறல் என்று ஒரு வாடிக்கையாளர் கூரை அதிரக் கத்திக்கொண்டிருந்தார். விற்பனைப் பையன்கள் ஆளுக்கொரு மேசைக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்கள். அவர் போன பிறகு ஒருவன் வந்து, "அங்கிள், உங்க காலத்துல இந்த மாதிரி கம்ப்ளெய்ன் வந்தா எப்படி சமாளிச்சீங்க?" என்றான். இன்னொருவன் பெருமையாகச் சொன்னான்: "இப்பல்லாம் புதுக் காரை நாங்க ரோட்டுல ஓட்டவே மாட்டோம் அங்கிள். லாரியில ஏத்தி, பிளாஸ்டிக் போட்டு மூடித்தான் வீட்டுக்கு அனுப்புவோம். கஸ்டமர்தான் முதல்ல ஏறணும். கம்பெனி பாலிசி லா."

எனக்குச் சிரிப்பு வந்து காப்பி மூக்கில் ஏறிவிட்டது. தம்பிகளா, அந்தப் பாலிசியை உங்கள் கம்பெனி பிறப்பதற்கு முன்பே மூவாரில் ஒருவன் கண்டுபிடித்துவிட்டான். அந்த மகான் நான்தான். கண்டுபிடித்த காரணம் மட்டும் கொஞ்சம் வேறு.

நான் பிறந்தது சிம்பாங் ரெங்கம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். அங்கே சைக்கிள் வைத்திருந்தவர், தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணி ஒருவர்தான். அதை மரத்தில் சாய்த்துவிட்டுப் போனார் என்றால், சுற்றி நின்று பார்க்கலாம். தொட்டால் காதைத் திருகிவிடுவார். ஆகவே சைக்கிளைத் தூரத்திலிருந்து வணங்கும் பழக்கம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. வளர்ந்ததும் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் பிடிக்காமல் மூவாருக்கு ஓடிவந்தேன். சீன முதலாளி ஆ லெங் தவுக்கேயின் கடை வாசலில் போய் நின்றேன். அவர் கேட்டார், நான் "நல்லா தெரியும்" என்றேன். எண்ணெய் ஊறின பழந்துணி ஒன்றை என் மேல் எறிந்து, "சைக்கிளைத் தொடை" என்றார். அதுதான் எனக்கு வேலை கிடைத்த விதம். வேறு உத்தரவு எதுவும் கிடையாது. தொழில் பழகிய காலத்தைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை: தொடைத்தேன், பிறகு கழற்றினேன், பிறகு பூட்டினேன். கண்ணைக் கட்டிவிட்டாலும் ஒரு சைக்கிளை முழுசாகப் பூட்டிவிடுவேன். ஏறச் சொன்னால்தான் அவசரமாக வேறு வேலை வந்துவிடும்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், விற்ற வண்டியை வாங்கியவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பது கடை வழக்கம். மற்றக் கடைப் பையன்கள் மணியை அடித்துக்கொண்டு பறந்து போவார்கள். நான் தள்ளிக்கொண்டே போனேன். முதல் தடவை ஒரு மலாய்க்கார வாத்தியார், "ஏன் தள்ளிக்கொண்டு வருகிறாய்?" என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்: "புது வண்டியில வேற ஆளு ஏறக்கூடாதுங்க துவான். முதல் மிதி உங்களுடையது." அவர் முகம் மலர்ந்துபோயிற்று. போய் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார். அடுத்த வாரமே இரண்டு பேர் வந்து, "முதல் மிதி எங்களுக்கு என்று சொல்கிற கடை இதுதானே?" என்றார்கள். தவுக்கே என்னை ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் அன்று முதல் வாடிக்கையாளர் யார் வந்தாலும், என் பக்கம் மோவாயை ஆட்டி, "முதல் மிதி, சொல்லு" என்பார். என் இயலாமை கடையின் கௌரவமாகிவிட்டது.

தவுக்கேயைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவர் ஆள் முகத்தைப் பார்க்க மாட்டார், வண்டியைத்தான் பார்ப்பார். வார்த்தைகளை ரேஷனில் வாங்கியவர் போலப் பேசுவார். கெட்டுப்போன வண்டியோடு ஒருவன் கோபமாக வந்தால் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "எங்கே?" யார் செய்தது, எப்போது, ஏன் என்று கேட்கவே மாட்டார். இடத்தைக் காட்டியதும் வண்டியைத் தலைகீழாக நிறுத்துவார். முன் சக்கரத்தை ஒரு சுழற்றுச் சுழற்றுவார். அது நிற்கும்வரை யாரும் பேசக் கூடாது. வாடிக்கையாளர் வாயைத் திறந்தால் விரலை உயர்த்துவார். சக்கரம் சுழலும், சுழலும், மெதுவாகும், ஆடும், நிற்கும். அதற்குள் அந்த மனிதரின் கோபத்தில் பாதி இறங்கியிருக்கும். மீதிப் பாதியை ஸ்பேனரால் சரிசெய்வார். கோபம் ரொம்பப் பெரிதாக இருந்தால் சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகச் சுழற்றுவார். நான் பிற்காலத்தில் கார்க் கம்பெனியில் எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். இதைவிட நல்ல வழியை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

பிறகு ஜப்பான்காரன் வந்தான். கார்களையெல்லாம் பிடுங்கிக்கொண்டான். சைக்கிள்தான் ராஜா. டயரும் டியூபும் கிடைக்காது. தோட்டத்து ரப்பர் ஷீட்டை முறுக்கி, கம்பி வைத்துக் கட்டி, ரிம்மில் மாட்டுவோம். கட்டின இடம் தரையில் படும்போதெல்லாம் "டொக்கு டொக்கு" என்று சத்தம் வரும். தவுக்கே மட்டும் சண்டை தொடங்குமுன் சில புது ஃபிரேம்களை விறகுக் குவியலுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பூட்டி விற்றோம். அதில் கடைசி வண்டியை வாங்கியவர்தான் தங்கையா.

தங்கையா சண்டைக்கு முன்னால் ஒரு ரப்பர் கிடங்கில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் வந்ததும் எப்படியோ அவன் பாஷையைப் பிடித்துக்கொண்டு, ஊரிலிருந்த ஜப்பானிய அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார். வெள்ளை டிரில் சட்டை, கால்சட்டை, பளபளக்கும் சப்பாத்து. ஊரார் அவரைச் "சென்செய்" என்று கூப்பிட வேண்டும். அப்படி என்றால் ஆசிரியர். சயாமில், இப்போதைய தாய்லாந்தில், ரயில் பாதை போடுவதற்கு ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தோட்டத்திலிருந்து லாரி லாரியாகப் போனவர்களில் ஒருவரும் அதுவரை திரும்பி வரவில்லை. எந்தப் பெயரைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதில் தங்கையாவின் வாய்க்கு மதிப்பு உண்டு என்று எல்லோருக்கும் தெரியும். என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது ஒரு துணிப்பட்டை. கடை வேலையாள் என்பதற்கு அடையாளமாகத் தவுக்கே வாங்கிக் கொடுத்தது. அதைக் கையில் கட்டாமல் நான் கொல்லைப்பக்கம்கூடப் போக மாட்டேன்.

வண்டியைக் கொடுக்கப் போன அன்று நல்ல மழை. தங்கையா வீடு பாரிட் ஜாவா போகும் சாலையில், ஊருக்கு வெளியே. வழியில் பலகைப் பாலம் தண்ணீரில் போய்விட்டிருந்தது. வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு இடுப்பளவு சேற்றில் இறங்கி ஏறினேன். வண்டி மேல் ஒரு பொட்டுச் சேறில்லை. என் மேல் சேறு இல்லாத இடம் இல்லை. காலையில் கிளம்பியவன் மத்தியானம்தான் போய்ச் சேர்ந்தேன்.

"ஏன்டா இவ்வளவு லேட்டு?"

"புது வண்டி சென்செய், பாத்துப் பக்குவமா கொண்டாந்தேன். முதல் மிதி உங்களுது."

மனிதருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அப்போதே என்னிடம் பிரியமாகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். பின்னர் சில நாட்கள் கடைத்தெருவில் அவரைப் பார்த்தேன். ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருவதுபோல, வண்டியோடு நடந்தே போனார். நம்முடைய மரியாதை வழக்கம் இவருக்கும் தொற்றிக்கொண்டதே என்று நான் பூரித்துப் போனேன். என் மூளையின் லட்சணத்தைப் பாருங்கள்.

ஒரு காலை நேரம், அந்த வண்டி தள்ளுவண்டியில் படுத்துக்கொண்டு கடைக்கு வந்தது. பின்னால் தங்கையா, லேசாக நொண்டிக்கொண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் பின்பக்கமாக மடங்கி, சக்கரம் ஃபிரேமில் முட்டிக்கொண்டிருந்தது.

"டேய் சாமி! இதான் உன் முதல் மிதியா?"

"சென்செய், நான் குடுக்கும்போது நல்லா இருந்துச்சே."

"மேல நல்லா இருந்துச்சு. உள்ளுக்குள்ள வெடிச்சிருந்துச்சு. நேத்து மடங்கிப் போச்சு! அரை மணி நேரத்துல வர்ற தூரத்துக்கு அரை நாள் எடுத்துக்கிட்டே. இடுப்பு வரைக்கும் சேறு. எங்க ஊர் சுத்திட்டு எந்த அல்லூர் சாக்கடையில போய் விழுந்தே? வண்டியைத் தொடைச்சுக் கொண்டாந்து, எவனும் ஏறலைன்னு என்கிட்டயே கதை விடுறியா?"

ஏன் தாமதம் என்று சொன்னால் நடந்து போனேன் என்று சொல்ல வேண்டும். ஏன் நடந்தாய் என்றால் ஓட்டத் தெரியாது என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் தவுக்கே நிற்கிறார்.

"எங்கே?" என்றார் தவுக்கே. தங்கையா ஃபோர்க்கைக் காட்டினார். வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைச் சுழற்றப் போனார். சக்கரம் அசையவில்லை; முட்டிக்கொண்டு நின்றது. சுழலாத சக்கரத்தைப் பார்த்து யாருடைய கோபம் இறங்கும்?

"நாளைக்கு எனக்கு வேற புது வண்டி வேணும்," என்றார் தங்கையா. "இல்லைன்னா ஜப்பான் துவானையே கூட்டிக்கிட்டு வருவேன். பொய் சொல்ற கடைக்கு மூவார்ல வேலையில்லை. இவனுக்கு சயாம்ல வேலை இருக்கு."

விறகுக் குவியலில் இப்போது விறகு மட்டும்தான் இருந்தது. வேறு புது வண்டி என்று எங்களிடம் எதுவும் இல்லை.

மறுநாள் அதிகாரி வந்தார். குட்டையான, சுத்தமான மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கடைத்தெருவே குனிந்து நின்றது. தங்கையா அவர் காதோரம் நின்று ஜப்பானிய மொழியில் நீளமாக ஒப்பித்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது: வழக்குப் போட்டவரும் அவரே, நான் சொல்வதை மொழிபெயர்க்கப் போகிறவரும் அவரே.

யோசித்துப் பார்த்தேன். ஓட்டுவேன் என்று சொன்னால் வண்டியோடு விழுந்தது நான்தான் என்று ஆகிவிடும், நாளைக்கே லாரி. ஓட்டத் தெரியாது என்று சொன்னால் தவுக்கே வேலையை விட்டுத் துரத்துவார், துணிப்பட்டை போகும்; அடுத்த வாரத்து லாரி. ஒரு வாரம் மிச்சம். தவுக்கேயின் கடையும் மிச்சம்.

"துவான்," என்றேன், "எனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாது."

தவுக்கே, எனக்குத் தெரிந்து முதல் தடவையாக, வண்டியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார்.

தங்கையா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சைக்கிள் கடைக்காரனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியாதாம்! சமையக்காரனுக்கு சோறு திங்கத் தெரியாதுன்னு சொல்லேன்டா!" பிறகு அதிகாரியிடம் என்னவோ மொழிபெயர்த்தார். நான் சொன்ன நாலு வார்த்தைக்கு அவ்வளவு நீளம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. நான் பதறிப்போய், கையைக் காலை ஆட்டி, ஏறுவதுபோலவும் விழுவதுபோலவும் நடித்துக் காட்டினேன். அதிகாரி என்னைப் பார்த்தார். சுவரில் சாய்ந்திருந்த தவுக்கேயின் சொந்தச் சைக்கிளைப் பார்த்தார். அதை அவரைத் தவிர யாரும் தொடுவதில்லை. விரலால் அதைக் காட்டி ஒரே வார்த்தை சொன்னார். எந்த பாஷையிலும் அதற்கு அர்த்தம் "ஏறு" தான்.

எங்கள் கடையிலிருந்து ஆற்றுத் துறைக்கு ரோடு நேராக, கொஞ்சம் சரிவாக இறங்கும். அதிகாரியோடு வந்த போலீஸ்காரர் ஸீட்டைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி உட்கார்ந்தேன். "மாதாவே, என்னை விழ வை" என்று வேண்டிக்கொண்டேன். விழுந்தால் போதும். இரண்டு முழம் போய்ப் பொத்தென்று விழுந்தால் கடை தப்பிக்கும். உலகத்தில் ஒரு மனிதன் விழுவதற்காகச் சைக்கிள் ஏறியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

போலீஸ்காரர் தள்ளிவிட்டார்.

நான் விழவில்லை.

வண்டி போகிறது. நேராகப் போகிறது. டொக்கு டொக்கு என்று சத்தம் போட்டுக்கொண்டு, அம்பு மாதிரிப் போகிறது. நான் அதன் மேல் இருக்கிறேன்! இத்தனை வருடம் தொடைத்தவன் மேல் அந்தச் சைக்கிளுக்கு என்ன பாசமோ, தள்ளிவிட மறுத்துவிட்டது. பின்னால் தங்கையாவின் குரல் கேட்டது: "பாத்தீங்களா! பாத்தீங்களா! என்னமா ஓட்டுறான் பாருங்க!" காப்பிக் கடைச் சீனர்கள் எழுந்து நின்றார்கள். எனக்கு ஒரு பக்கம் கடை போச்சே என்று இருக்கிறது. இன்னொரு பக்கம், சொன்னால் வெட்கக்கேடு, ஆனந்தமாக இருக்கிறது. சயாமுக்குப் போகிறேன், ஆனால் சைக்கிளில் போகிறேன்!

ஆற்றுத் துறை நெருங்கியது. அப்போதுதான் நினைவு வந்தது, இதை நிறுத்த வேண்டும் என்று. பிரேக் என்ற ஒன்றைக் கழற்றத் தெரியும், பூட்டத் தெரியும், அதன் ஆணி எந்த அளவு என்று தூக்கத்தில் சொல்லுவேன். அதைப் பிடித்து அழுத்த வேண்டும் என்பது மட்டும் அந்த நேரத்தில் புத்தியில் வரவில்லை. "ஐயோ பிடிங்க! தொலோங்! அலமாக்! அம்மா!" என்று தெரிந்த பாஷையிலெல்லாம் கத்திக்கொண்டே படகுக்கு நின்ற ஜனங்களை இரண்டாகப் பிளந்துகொண்டு போனேன். வாத்துக்கூடைக்காரி ஒருத்தி, "போடா கீலா பைத்தியம்!" என்று மலாயும் தமிழும் கலந்து திட்டியது காதில் விழுந்தது. துறை முடிந்தது. ஆற்றில் தண்ணீர் வற்றின நேரம். சேறுதான் இருந்தது. நானும் தவுக்கேயின் சைக்கிளும் ஒருவர் மேல் ஒருவராக அதில் போய்ச் சொருகிக்கொண்டோம்.

கயிறு போட்டு இழுத்து மேலே கொண்டுவந்தபோது, மூவாரில் யாரும் பார்க்காததைப் பார்த்தேன். அதிகாரி சிரித்துக்கொண்டிருந்தார்.

தங்கையாவுக்குப் பொறுக்கவில்லை. "நடிக்கிறான் துவான்! வேணும்னே விழுந்தான்!" என்று முதலில் தமிழிலேயே கத்திவிட்டு, பிறகு ஜப்பானிய மொழியில் கத்தினார். ஓட்டத் தெரிந்தவன் எப்படி ஓட்டுவான், எப்படி நிறுத்துவான் என்று கையை வீசி விளக்கினார். விளக்கம் கொஞ்சம் நீண்டுவிட்டது. அதிகாரி சிரிப்பை நிறுத்தினார். போலீஸ்காரரின் சைக்கிளைக் காட்டினார். அதே ஒரு வார்த்தை.

தங்கையா முழங்காலைத் தொட்டுக் காட்டினார். இடுப்பைத் தொட்டுக் காட்டினார். அதிகாரியின் விரல் இறங்கவில்லை.

பாவம், வெள்ளைக் கால்சட்டையோடு ஒரு காலைப் பெடலில் வைத்து, இன்னொரு காலால் தரையில் நொண்டி நொண்டி, வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஏறுவதற்கு எந்தப் பக்கம் என்பதே அவருக்குச் சந்தேகம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாவல். வண்டி அவர் மேல் விழுந்ததா, அவர் வண்டி மேல் விழுந்தாரா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது. முழங்கால் பக்கம் கால்சட்டை கிழிந்தது. உள்ளே ஏற்கெனவே ஒரு கட்டு. மஞ்சள் பத்து போட்டு, இரண்டு நாள் பழசு.

வண்டியோடு நடந்தே போன மரியாதையின் ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாரும் இல்லாத நேரத்தில் தனியாக ஏறிப் பழகப் பார்த்து, தென்னை மரத்திலோ மதகிலோ முத்தம் கொடுத்திருக்கிறார். ஜனங்கள் சிரிக்கவில்லை, சிரித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். வாத்துக்கூடைக்காரிக்கு மட்டும் திடீரென்று பலத்த இருமல் வந்துவிட்டது.

அதிகாரி எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் நிற்க வைத்தார். தங்கையாவுக்கு ஒரு அறை. எனக்கு ஒரு அறை. தராசில் நிறுத்தின மாதிரி இரண்டும் ஒரே அளவு. சைக்கிள் ஓட்டத் தெரியாத இரண்டு பேர் சைக்கிளுக்காகத் தன் காலை நேரத்தைக் கெடுத்தார்கள் என்று அவருக்குத் தோன்றியிருக்கும். போய்விட்டார். வழக்கு முடிந்தது.

அதன் பிறகு தங்கையா எந்த லாரியிலும் என் பெயரைச் சேர்க்கவில்லை. சண்டை முடியும்வரை நானும் அவரும் ரோட்டில் எதிரெதிரே சந்தித்துக்கொண்டோம். அவர் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார். நான் யாருடைய வண்டியையோ தள்ளிக்கொண்டு போவேன். "என்ன சாமி?" "என்ன சென்செய்?" அவ்வளவுதான். ஒரே கையால் ஒரே அளவு அறை வாங்கியவர்களுக்குள் ஒரு உறவு வந்துவிடுகிறது.

ஆனால் இதெல்லாம் அந்த மத்தியானம் எனக்குத் தெரியாது. சயாம் லாரியில் பாதி மட்டும்தான் என்னை விட்டுப் போயிருந்தது. மீதிப் பாதி, வேலை போகிற பாதி, கடைக்குள் உட்கார்ந்திருந்தது. வாளித் தண்ணீரில் உடம்பைக் கழுவினேன். துணிப்பட்டையை அவிழ்த்து அலசிப் பிழிந்தேன். உள்ளே போனேன். தவுக்கே, தங்கையாவின் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஃபோர்க்கைச் சூடு காட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். யாரும் செய்யச் சொல்லவில்லை; கெட்ட வண்டி கடைக்குள் வந்துவிட்டது, அவ்வளவுதான். அவருடைய சொந்தச் சைக்கிள் சேற்றுப் பொம்மையாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

துணிப்பட்டையை மேசை மேல் வைத்தேன்.

"தவுக்கே, அன்னிக்கி நான் பொய்தான் சொன்னேன். எனக்கு ஓட்டத் தெரியாது. இப்ப ஊருக்கே தெரிஞ்சு போச்சு. முதல் மிதின்னு நான் சொன்னதும் அதை மறைக்கத்தான்."

அவர் நிமிரவில்லை. ஃபோர்க்கை நிமிர்த்தி முடித்து, சக்கரத்தை மாட்டி, ஒரு சுழற்றுச் சுழற்றினார். நான் வாயைத் திறந்தேன். விரலை உயர்த்தினார். இரண்டு பேரும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். சுழன்றது, சுழன்றது, மெதுவானது, ஆடியது, நின்றது.

"நாளைக்கு நான் வேலைக்கு வரட்டுமா தவுக்கே, வேண்டாமா?"

பழந்துணி ஒன்று பறந்து வந்து என் மார்பில் விழுந்தது.

"சைக்கிளைத் தொடை."